நம் வீட்டுச் சமையல் கழிவு எந்த ஊருக்குப் போகிறது?



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலையை முடித்துவிட்டு, ஒரு காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பழைய மாணவன் பேசினான். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அறுபது வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் செயலாளராக இருக்கிறான்.

"டீச்சர், எல்லா வீட்டுச் சமையல் கழிவையும் காம்பவுண்டுக்குள்ளேயே உரமாக்கலாம்னு சொன்னேன். பெரிய சண்டையாப் போச்சு. நாத்தம் வரும், எலி வரும், கார் நிறுத்துற இடம் போயிடும்னு சிலர் சொல்றாங்க. நாமதான் வரி கட்டுறோமே, மாநகராட்சி எடுத்துட்டுப் போகட்டும்னு சிலர் சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணப் போறோம். நான் என்ன பேசட்டும்?"

அவனுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அவன் இருக்கும் ஊருக்கும் குப்பை உரத்துக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. அந்தக் கதை தெரியாமல் ஓட்டுப் போடக் கூடாது என்பது என் எண்ணம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கரும்பலகையில் கோடு கிழித்து இரண்டு பட்டியல் எழுதிப் போட்டவள் நான். வாழைப்பழத் தோல் இந்தப் பக்கம், பிளாஸ்டிக் பை அந்தப் பக்கம் என்று நீங்கள் எல்லோரும் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கினீர்கள். ஆனால் அதே நான், வீட்டில் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வாசலில் வைத்தேன். ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, துணி சுற்றிய விரலைக் காட்டினார். "டீச்சர், நேத்து உங்க கவர்லதான் ஒடஞ்ச டம்ளர் இருந்துச்சு" என்றார். திட்டவில்லை, சும்மா சொன்னார். பாடம் நடத்தியவளுக்கு அன்றைக்குத்தான் பாடம் புரிந்தது. அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

இனி கதைக்கு வருகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டில் சமையல் கழிவு என்று ஒன்று தனியாகக் கிடையாது. கொல்லைப்புறத்தில் கழுநீர்ப் பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், மிஞ்சிய கஞ்சி எல்லாம் அதற்குள் போகும். அதை மாடு குடிக்கும். மாட்டுச் சாணமும், அடுப்புச் சாம்பலும், வாசல் பெருக்கிய சருகும் குப்பைக்குழிக்குப் போகும். சித்திரை, வைகாசியில் வண்டி கட்டி நிலத்துக்கு எரு அடிப்பார்கள். ஆடியில் விதைப்பார்கள். உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பிப் போகும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. கண்ணால் பார்த்து வளர்ந்தோம்.

இந்த வழக்கத்தை அறிவியலாக எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-இல் தாவரவியல் அறிஞராக இந்தியாவுக்கு வந்தார். நம் விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர், அவர்களையே தன் ஆசிரியர்கள் என்று சொல்லும் அளவுக்கு மாறிப்போனார். 1924 முதல் இந்தூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். அவருடைய மனைவி காப்ரியேலும் தாவரவியல் அறிஞர்தான். இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். செடி கொடிக் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டு, இடையிடையே புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் நல்ல உரம் கிடைக்கும் என்று காட்டினார்கள். 1931-இல் ஹோவர்டும் அவருடன் பணியாற்றிய யஷ்வந்த் வாட் என்பவரும் சேர்ந்து இதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 'இந்தூர் முறை' என்று உலகம் முழுவதும் பெயர் பரவியது. 1935-இல் காந்தியடிகள் இந்தூர் போனபோது அந்த நிலையத்தை நேரில் போய்ப் பார்த்தார்.

ஆனால் இந்தூர் முறை அடிப்படையில் பண்ணைக்கு ஏற்றது. நகரத்துக்கு என்ன வழி? அந்தக் கேள்விக்கு விடை வந்தது பெங்களூரிலிருந்துதான்!

1939-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆச்சார்யா என்பவர் ஒரு முறையை உருவாக்கினார். நீளமான பள்ளம் வெட்ட வேண்டும். நகரக் குப்பை ஒரு அடுக்கு, மனிதக் கழிவு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே மண்ணால் மூடிவிட வேண்டும். புரட்ட வேண்டியதில்லை. ஈ மொய்க்காது. ஐந்தாறு மாதத்தில் உரம் தயாராகிவிடும். வேளாண்மைப் பாடநூல்களில் இன்றைக்கும் இதற்குப் பெயர் 'பெங்களூர் முறை'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பஞ்சம் வந்தபோது, அதிக உணவு உற்பத்தி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பல நகராட்சிகள் இந்த முறையில் உரம் தயாரித்தன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பள்ளங்களுக்கு மனிதக் கழிவைச் சுமந்து வந்தவர்கள் யார்? சாதியின் பெயரால் அந்த வேலைக்குள் தள்ளப்பட்ட மக்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல்தான் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. நகரத்தின் கழிவு உரமானது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பாரத்தை எப்போதும் வேறொருவர் தலையில்தான் வைத்தோம். இந்தக் கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும், பாருங்கள்.

1947 டிசம்பரில் டெல்லியில் அகில இந்திய உர மாநாடு ஒன்று நடந்தது. யோசித்துப் பாருங்கள், பிரிவினைக் கலவரத்தின் ரணம் ஆறவில்லை, நாடெங்கும் அகதி முகாம்கள். அந்த நேரத்தில் குப்பையை உரமாக்குவது எப்படி என்று பேசக் கூடினார்கள். யோசனை மீராபென்னுடையது. தலைமை ராஜேந்திர பிரசாத். ஆச்சார்யாவும் கலந்துகொண்டார். காந்தியடிகள் அதைப் பற்றி 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அடுத்த மாதம் அவர் நம்மிடையே இல்லை. நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும் மண்ணிடம் எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் பொருளாதாரமே நிலைக்கும் என்று அந்தக் காலத்தில்தான் எழுதிவந்தார். ஆக, சுதந்திர இந்தியா பிறக்கும்போதே இந்த அறிவு நம் கையில் இருந்தது.

பிறகு ஏன் கைவிட்டோம்?

மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, யூரியா மூட்டை மலிவாகக் கிடைத்தது. நகரத்துக் குப்பை உரத்தைத் தேடி விவசாயி வருவது குறைந்தது. இரண்டு, நகரம் வளர்ந்தது. பள்ளம் வெட்டிய இடங்களெல்லாம் வீட்டு மனைகள் ஆயின. மூன்றாவதுதான் பெரியது. குப்பையே மாறிப்போனது. முன்பு குப்பை என்றால் சருகு, சாம்பல், காய்கறிக் கழிவு. பிறகு அதற்குள் பிளாஸ்டிக், கண்ணாடி, பேட்டரி, ஊசி எல்லாம் வந்து சேர்ந்தன.

1970-களின் நடுவில் மத்திய அரசு நகர உரத் திட்டத்துக்குப் புத்துயிர் கொடுக்கப் பார்த்தது. ஒரு நாளைக்கு 150 முதல் 300 டன் வரை குப்பையை அரைத்து உரமாக்கும் பெரிய இயந்திர ஆலைகள் சில நகரங்களில் அமைந்தன. பெங்களூரில் 1975-இல் கர்நாடக உர மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. ஆனால் நாட்டின் பெரும்பாலான இயந்திர ஆலைகள் நீடிக்கவில்லை. இயந்திரத்தில் கோளாறு என்பதைவிட, உள்ளே போனது கலப்படக் குப்பை என்பதே முக்கியக் காரணம். கலந்து போட்டால் கலந்துதான் வெளியே வரும். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் துணுக்கும் கலந்த உரத்தை, வெறுங்காலோடு வயலில் இறங்கும் எந்த விவசாயி வாங்குவார்?

ஆலைகள் மூடியதும் எளிய வழி ஒன்று பிடிபட்டது. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது.

இங்கே கொஞ்சம் அறிவியல். நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் பொருள்தான். அது காற்றோட்டத்தோடு மக்கினால் சூடாகி, உரமாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். காற்றில்லாமல் குவியலின் அடியில் அழுகினால் நாற்றமும் மீத்தேன் வாயுவும் வரும். மீத்தேன் தீப்பற்றும். குப்பைமேடு நாள்கணக்கில் எரிவதைச் செய்திகளில் பார்க்கிறோமே, அதற்கு இது ஒரு காரணம். அதிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, பக்கத்து ஊர்க் கிணறுகளைக் கெடுக்கும். 2017-இல் சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பு அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பண்டிகைச் சமையல் நடந்துகொண்டிருந்த வீடுகள் அவை.

நாட்டின் குப்பை நிலைமை பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குக் கொண்டுபோனவர் அல்மித்ரா படேல் என்ற பெண்மணி. அவரும் பெங்களூர்க்காரர்தான். அந்த வழக்கின் பயனாக 2000-இல் நகரக் குப்பை மேலாண்மைக்கு முதன்முதலாக நாடு தழுவிய விதிகள் வந்தன. விதிகள் வந்தனவே தவிர, பெரும்பாலான வீடுகளில் ஒரே கூடைதான் இருந்தது. என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது 2012-க்கு வருகிறேன். அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஊர்களில் ஒரே மாதிரிச் சம்பவம் நடந்தது.

பெங்களூருக்கு வடக்கே மாவள்ளிபுரா என்ற கிராமம். நகரத்துக் குப்பை அங்கே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கெட்டுவிட்டது, நோய் வருகிறது என்று மக்கள் பல காலம் முறையிட்டு, 2012 ஜூலையில் அந்தக் கிடங்கு மூடப்பட்டது. உடனே பெங்களூர்த் தெருக்களில் குப்பை மலை மலையாகத் தேங்கியது. பூங்கா நகரம் என்று பெயர் எடுத்த ஊரை வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூடக் குப்பை நகரம் என்று எழுதின. பிறகு லாரிகள் இன்னும் அதிகமாக மண்டூர் என்ற கிராமத்துக்குத் திரும்பின. மண்டூர் மக்களும் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2014 முடியும்போதுதான் அங்கே கொட்டுவது நின்றது. உரம் செய்யும் முறைக்குத் தன் பெயரைக் கொடுத்த நகரம், தன் வீட்டுக் கழிவைக் கொட்ட ஊர் ஊராகப் பள்ளம் தேடி அலைந்தது. இதைவிட வேறென்ன சொல்ல?

அதே 2012-இல் கேரளத்தின் ஆலப்புழையில், நகரக் குப்பை போய்ச் சேர்ந்த சர்வோதயபுரம் மக்களும் லாரிகளை மறித்தார்கள். அங்கேயும் குப்பை தெருவிலும் கால்வாயிலும் தேங்கியது. ஆனால் ஆலப்புழை எடுத்த முடிவு வேறு. புதிய கிராமம் தேட வேண்டாம், உருவாகும் இடத்திலேயே முடித்துவிடுவோம் என்று நகராட்சி தீர்மானித்தது. அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக் முன்னின்று நடத்தினார். வீட்டில் இடம் உள்ளவர்களுக்குக் குழாய் உரத்தொட்டியும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலனும் மானிய விலையில் கிடைத்தன. இடமில்லாதவர்களுக்காகத் தெருமுனைகளில் பொது உரத்தொட்டிகள் வைத்தார்கள்.

அந்தத் தொட்டிகளுக்குத் 'தும்பூர்முழி' தொட்டி என்று பெயர். திருச்சூர் மாவட்டத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவான முறை. நான்கடி நீள அகலத்தில், காற்றுப் புக இடைவெளி விட்ட பெட்டி. அடியில் சாணம், அதன் மேல் காய்ந்த இலை, அதன் மேல் சமையல் கழிவு, மறுபடி இலை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் செத்துவிடும். மூன்று மாதத்தில் உரம். மக்கள் வாளியில் பிரித்த கழிவைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த சில மூலைகளில் இப்போது பூந்தொட்டிகள் இருக்கின்றன. 2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு குப்பை மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களில், ஒசாகா, பினாங்கு இவற்றோடு நம் பக்கத்து ஆலப்புழையும் ஒன்று.

சாணம், இலை, கழிவு, காற்று. கூர்ந்து பாருங்கள், எங்கள் கொல்லைக் குப்பைக்குழியும் ஹோவர்டின் இந்தூர் முறையும்தான் திரும்பி வந்திருக்கின்றன. நூறு ஆண்டுகளாக முறை நம்மிடம்தான் இருந்தது. விட்டுப்போனது வீட்டில் பிரித்து வைக்கும் பழக்கம்தான்.

பெங்களூரும் சும்மா இருக்கவில்லை. 2006-இலேயே அங்கே ஒரு பெண்மணி தொடங்கிய 'டெய்லி டம்ப்' நிறுவனம், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் மண்பானைகளில் பால்கனியிலேயே உரம் செய்யலாம் என்று காட்டியது. குடியிருப்போர் குழுக்கள் நீதிமன்றம் வரை போயின. 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் 'இரண்டு கூடை, ஒரு பை' முறையைக் கட்டாயமாக்கியது. பச்சைக் கூடை சமையல் கழிவுக்கு, சிவப்புக் கூடை நாப்கின், டயாப்பர் போன்றவற்றுக்கு, பை காகிதம், பிளாஸ்டிக்குக்கு. எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உரம் செய்யக் கற்றுக்கொடுக்கவே குடியிருப்போர் ஒரு பயிற்சி இடம் வைத்திருக்கிறார்கள். 2016-இல் வந்த மத்திய அரசு விதிகளும் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றே கூறின.

இனி, தம்பி, உன் கூட்டத்துக்கு வருகிறேன்.

"வரி கட்டுகிறோமே" என்பவர்களிடம் ஒன்று கேள். வரி கட்டுவது லாரிக்கும் ஆளுக்கும். மண்டூர்க்காரர்களின் கிணற்றுக்கு யார் வரி கட்டினார்கள்? உங்கள் ஊர் உரக் கழகத்தின் ஆலை கூட்லு பக்கம் இருக்கிறது. தொடங்கியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. இன்றைக்கு அதைச் சுற்றிலும் அடுக்குமாடிகள். நாற்றம் தாங்கவில்லை என்று அங்கே குடிவந்தவர்களும் போராடியிருக்கிறார்கள். 'ஊருக்கு வெளியே' என்று ஒரு இடம் இனிக் கிடையாது. நாம் வெளியே என்று நினைக்கும் இடம் இன்னொருவருடைய வாசல்.

அளவு தெரியாமல் பேச வேண்டாம் என்று நானும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் காய்கறித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மூன்று பேருக்கு ஐந்து கிலோ. உன் அறுபது வீட்டுக்கும் அதே கணக்குப் போட்டால் வாரம் 300 கிலோ, ஆண்டுக்குப் பதினைந்து டன்னுக்கு மேல். ஒரே ஒரு காம்பவுண்டிலிருந்து இவ்வளவு வெளியே போகிறது.

"நாற்றம் வரும்" என்பவர்களிடம் சண்டை போடாதே. அவர்கள் பயம் நியாயமானது. சரியாகச் செய்யாவிட்டால் வரத்தான் செய்யும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்றுக் குறைவு என்று அர்த்தம். ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் அதே அளவு காய்ந்த சருகோ தேங்காய் நார்த் தூளோ மேலே போட்டு மூட வேண்டும். சாம்பார், ரசம் போன்றவற்றை வடித்துவிட்டுப் போட வேண்டும். தொடக்கத்தில் மீன், இறைச்சிக் கழிவு வேண்டாம். கை பழகியபிறகு பார்க்கலாம். எலிக்குப் பயந்தால் தொட்டியின் ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடித்து, இறுக்கமான மூடி போடு. வாரம் ஒரு முறை புரட்டிவிடு. கையில் எடுத்துப் பிடித்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. இவ்வளவுதான் வித்தை. கார் நிறுத்தும் இடம் முழுவதும் வேண்டியதில்லை. முதலில் இரண்டு தொட்டி, பத்து வீடு, மூன்று மாதம் என்று கேள். அந்த உரத்தை முகர்ந்து பார்த்தபிறகு மற்றவர்கள் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முழுவதும் உங்கள் வளாகத் தூய்மைப் பணியாளர் தலையில் கட்டாதே. அவருக்குக் கையுறையும் கூடுதல் சம்பளமும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து நீங்களும் புரட்டுங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்; கரும்பலகையில் நான் சொல்லித்தர முடியாததை அந்தத் தொட்டி சொல்லித்தரும்.

அடுக்குமாடியில் இல்லாத மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரம் செய்ய இடமில்லை, நேரமில்லை என்றால் பரவாயில்லை. பிரித்துக் கொடுங்கள், அது போதும். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்று அவன் சொன்னதும் இங்கே எழுதுகிறேன். தோற்றால் வருத்தப்படாதே தம்பி. உன் வீட்டு வாளியை நாளைக்கே பிரித்து வைக்க யாருடைய ஓட்டும் தேவையில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்